இருக்கிற ஊருக்குக் கதை எதற்கு?

உங்கள் ஆயாவிடம் கதை கேட்பதென்றால் முதலில் தலையைக் கொடுக்க வேண்டும். வெறுங்கையோடு போய் "ஆயா, ஒரு கதை" என்றால் நடக்காது. சீப்பு, ரிப்பன், எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். வகிடு எடுக்கும்போது கதை தொடங்கும். ஒரு பக்கத்துச் சடை முடிவதற்குள் பாதிக் கதை வந்துவிடும். மறுபக்கத்துச் சடைக்கு ரிப்பன் கட்டும்போது கதைக்கும் முடிச்சு விழுந்துவிடும். கதை நீண்டுவிட்டால், போட்ட சடையை அவிழ்த்துவிட்டு மறுபடியும் பின்னுவார். உங்கள் அக்கா ரோசலி பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போன நாளெல்லாம் அப்படி அவிழ்த்துப் பின்னிய நாள்தான்.

நீங்கள் இரண்டு பேரும் ஆயாவைப் பார்த்ததில்லை. கூடத்துச் சுவரில் கூம்பு மாதிரி மாட்டியிருக்கிற ஓலைத் தொப்பியைக் காட்டி, "இது யாருதுப்பா?" என்று போன வாரம் கேட்டீர்கள். ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். தமிழை வாசித்துக்கொண்டே கோர்ப்பேன். பிரெஞ்சை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கோர்ப்பேன். என்னுடைய பிரெஞ்சு அவ்வளவுதான். ஆகவே, அலங்காரமில்லாமல் எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். இந்த ஆயா ஒரு சமயம் உங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறப் பார்த்தவர். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் போகிறேன்.

ஆயா என்றால் உங்கள் அம்மாவைப் பெற்றவர். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. சொல்தா என்றால் சிப்பாய். அந்தக் காலத்தில் நம்முடைய ஊரும் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிற சைகோனும் அவர்களிடம்தான் இருந்தது. தாத்தாவை அங்கே மாற்றினார்கள். கப்பல் புறப்படுகிற நேரம் பார்த்து உங்கள் அம்மாவுக்கு அம்மை போட்டுவிட்டது. அப்போது அவள் சின்னக் குழந்தை. அம்மை போட்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டேன் என்றார்கள். பெரியம்மா வீட்டில் (இப்போது நாம் இருக்கிற இதே வீடுதான்) விட்டுவிட்டு, "அடுத்த கப்பல்ல வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிப் போனார்கள். நடுவில் உலக யுத்தம் வந்தது. தாத்தா அங்கேயே இறந்தார். அடுத்த கப்பலில் ஆயா வந்து இறங்கினபோது உங்கள் அம்மாவுக்கு என்னோடு கல்யாணமாகி, ரோசலி பிறந்து, நடக்கவும் பழகியிருந்தாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு. ஒரு தகரப் பெட்டி, கையில் குடை, தலையில் அந்த ஓலைத் தொப்பி. வாசலில் நின்று உங்கள் அம்மாவைப் பார்த்தார். உங்கள் அம்மா அவரைப் பார்த்தாள். "வாங்க" என்றாள். "வாம்மா" என்று சொல்லவில்லை. அம்மா என்கிற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அப்புறமும் வருஷக்கணக்கில் வரவில்லை. "சாப்பிட வாங்க", "தண்ணி விளாவி வெச்சிருக்கேன்" என்று எல்லாவற்றையும் முறையாகச் சொல்வாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விடுவாள்.

வந்த சில மாதத்தில், நவம்பர் முதல் தேதி, இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி நம்முடைய கொடி ஏறியது. ஊரெல்லாம் வெடிச் சத்தம். நான் ரோசலியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆயா வெளியே வரவில்லை. ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே சொன்னார்: "அங்கயும் நான் கெளம்பற நேரமாப் பாத்து எறக்கிட்டாங்க. இங்க வந்தா இங்கயும் எறக்கறாங்க. மாப்ள, என் ராசியப் பத்தி யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, எந்த ஊர்லயும் உள்ள விட மாட்டாங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

ஆயாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கதை கேட்கிறவர்கள் உம் கொட்ட வேண்டும் இல்லையா? அவரிடம் உம் செல்லாது. "வுய்" என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில் ஆமாம் என்று அர்த்தம். நான் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"சைகோன்ல, ஆத்தோரத்துல, ஒரு சூப்புக்காரி இருந்தா."

"வுய்."

"தோள்ல மூங்கில் கழி. இந்தப் பக்கத்துக் கூடையில அடுப்பு, அந்தப் பக்கத்துக் கூடையில கிண்ணம்."

"வுய்."

"ஒரு நாளு, அவகிட்ட சூப்பு குடிக்கப் புலி வந்துச்சி."

"உம்."

சடை பின்னுகிற கை நின்றுவிடும். "இன்னாது, உம்மு? மாடு மாதிரி. வுய் சொல்லு."

"வுய், ஆயா. புலி காசு குடுத்துச்சா?"

"காசுக்கு எங்க போவும் அது? மீசையில ஒரு முடியப் புடுங்கிக் குடுத்துட்டுப் போச்சி. சூப்புல மொளவா அதிகம். அழுதுகிட்டே போச்சி."

அந்தச் சூப்புக்காரி இல்லாத கதையே கிடையாது. அவள் ஆற்றில் படகுச் சந்தைக்குப் போவாள். படகிலேயே பழம், படகிலேயே கோழி, படகிலேயே சவரக்கடை. தினமும் மத்தியானம் மழை வரும். எல்லாரும் ஓலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மழைக்குள்ளேயே வியாபாரம் பண்ணுவார்கள். தெருவெல்லாம் புளியமரம். ரோசலி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சில நாள் தூக்கத்திலும் "வுய்" என்பாள்.

ஆனால் நம்முடைய ஊரைப் பற்றி ஆயா ஒரு கதையும் சொன்னதில்லை. இத்தனைக்கும் அவர் பிறந்து வளர்ந்து கல்யாணம் பண்ணிக்கொண்டதெல்லாம் இங்கேதான். நாலு தெரு தள்ளினால் கடல். வைத்திக்குப்பத்திலிருந்து தினமும் கூடைக்காரி மீன் கொண்டு வருவாள். அவளிடம் ஆயா பேரம் பேசுவதே ஒரு கதையாக இருக்கும்.

மீனை வாங்கிக்கொண்டு, "மெர்சி" என்பார். நன்றி என்று அர்த்தம்.

"இன்னா ஆயா, தெனம் ஒரு மெர்சி குடுக்கற. அத வெச்சி நான் அரிசி வாங்க முடியுமா?"

"மரியாதைக்குச் சொல்றதுடி அது."

"மரியாத எனக்கு எதுக்கு? கூட ஒரு அணா குடு, நானே உனக்கு ரெண்டு மெர்சி சொல்றேன்."

"கெழங்கான் கண்ணு வெளுத்துக் கெடக்கு, இதுக்கு அணாவா?"

"உன்னப் பாத்து மெரண்டு போச்சி ஆயா, அதான் வெளுத்துடிச்சி."

ஆயா பிரெஞ்சு பேசுவதைக் கேட்டுத் தெருவே அவரைப் "பிரான்சு ஆயா" என்று கூப்பிட்டது. அவர் மறுத்துச் சொன்னதில்லை. நான் ஒரு தடவை, "அத்தை, நீங்க இருந்தது சைகோன் இல்லையா?" என்று கேட்டேன். "அதுவும் பிரான்சுதான் மாப்ள. அதே கொடி, அதே ரொட்டி" என்று சொல்லிவிட்டார். பெரியவனான எனக்கு வித்தியாசம் தெரியும். ரோசலிக்கு எப்படித் தெரியும்? அவளுக்குச் சைகோன் என்பது பிரான்சில் ஒரு தெரு.

அது பள்ளிக்கூடத்தில் வந்து இடித்தது. பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிற கன்னியர் பள்ளிக்கூடத்தில்தான் அவள் படித்தாள். அங்கே கன்னியரை மா சேர் என்று கூப்பிட வேண்டும். ஒரு நாள் மா சேர், பிரான்சு தேசத்துக் காட்சி ஒன்றைச் சிலேட்டில் வரையச் சொன்னாராம். மற்ற பிள்ளைகள் மாதா கோயில் கோபுரமும் கோட்டையும் வரைந்தார்கள். ரோசலி பெரிய ஆறும், படகில் பலாப்பழமும், ஓலைத் தொப்பிக்காரியும் வரைந்து, கரையில் ஒரு புலியையும் நிறுத்திவிட்டாள். மா சேர் சிரித்ததோடு விடாமல் அந்தச் சிலேட்டைப் பக்கத்து வகுப்புக்கும் அனுப்பினாராம்.

பிள்ளை அழுதுகொண்டே வந்து சிலேட்டை ஆயாவின் மடியில் போட்டாள். ஆயா தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படகு வரைஞ்சியே, துடுப்பு எங்க?"

பிள்ளை அழுகைக்கு நடுவிலேயே எட்டிப் பார்த்தாள்.

"துடுப்பு இல்லாம படகு எப்படிடி போவும்? அதான் சிரிச்சிருக்காங்க" என்று பலப்பத்தை வாங்கி ஒரு துடுப்பு போட்டுக் கொடுத்தார். ரோசலிக்கு அழுகை நின்றது.

அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்கும்போது அவளைச் சேதராப்பட்டுக்கு, என் அப்பா வீட்டுக்கு, கூட்டிப்போனேன். கடலைக் கொல்லையில் வெயில் என்று அவள் ஆயாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் "துரைசாணி வந்துட்டா, ஓரம் போங்கடா" என்று கூத்தடித்தார்கள். சாயங்காலம் என் அப்பா களத்து மேட்டில் எல்லாரையும் உட்கார வைத்து, எங்கள் கிணற்றில் குடியிருந்த பேய்க்குப் பல்வலி வந்த கதையைச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் "உம்" என்றபோது இவள் ஒருத்தி மட்டும் "வுய்" என்றாள். அவ்வளவுதான். கதையை விட்டுவிட்டு எல்லாரும் "வுய், வுய்" என்று ஆட்டுக்குட்டி மாதிரி கத்தத் தொடங்கிவிட்டார்கள். என் அப்பாவும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

திரும்பும்போது சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

"அப்பா, நான் எந்த வூட்டுப் புள்ள?"

"ரெண்டு வூட்டுக்கும்தான்டா."

"ரெண்டு எடத்துலயும் சிரிக்கறாங்களே."

சேதராப்பட்டிலிருந்து ஊர் வந்து சேருகிற வரைக்கும் மிதித்தேன்.

அன்றைக்கே ஆயாவிடம் பேசினேன். மாமியாரிடம் குரலை உயர்த்துகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை, பணிவாகத்தான் சொன்னேன். "அத்தை, புள்ளைக்கு நம்ம ஊர்க் கதையும் நாலு சொல்லுங்களேன். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் ஜன்னலைக் காட்டினார். "இருக்கற ஊருக்குக் கதை எதுக்கு மாப்ள? எட்டிப் பாத்தா தெரியுது."

எனக்கு மனசுக்குள் ஒரு பயம் உட்கார்ந்தது அப்போதுதான். இந்த அம்மாள் தினம் காலையில் என் பிள்ளையின் தலையைப் பின்னிப் பின்னி, கொஞ்சம் கொஞ்சமாக வேறு எங்கேயோ கொண்டுபோகிறார் என்று தோன்றியது. ஆனால் பாருங்கள், ரோசலிக்குக் காய்ச்சல் கண்டால் பக்கத்தை விட்டு நகராதவரும் அவர்தான். நான் வேலையிலிருந்து மை அப்பின கையோடு வந்தால், "கைய நீட்டுங்க மாப்ள" என்று எலுமிச்சை மூடியை வைத்துத் தேய்த்து விடுகிறவரும் அவர்தான். என் அம்மாகூட எனக்கு அப்படிச் செய்ததில்லை. பயத்தையும் வைத்துக்கொண்டு பிரியத்தையும் வைத்துக்கொண்டு நாட்கள் ஓடின.

அறுபத்திரண்டாம் வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரைச் சட்டப்படி முழுதாக ஒப்படைத்தார்கள். இங்கே பிறந்தவர்களில் யாராவது பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று அறிவித்தார்கள். தெருவுக்குத் தெரு அதே பேச்சு. அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தன. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் அதில் யோசிக்க எதுவுமில்லை. நாங்கள் இங்கேதான். ஆயா மட்டும், "நான் சொல்தா பொண்டாட்டி. அப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அவரைக் கூட்டிப்போக உங்கள் மாமா வந்தார். மாமா சைகோனில் பிறந்தவர். அங்கிருந்து பட்டாளத்தோடு பிரான்சுக்குப் போய், மர்சேய் பக்கம் வேலை தேடிக்கொண்டு, கல்யாணமும் பண்ணிக்கொண்டவர். புதுச்சேரியை அவர் பார்த்ததே இல்லை. உங்கள் அம்மாவையும் பார்த்ததில்லை. ரயிலடியில் போய் அழைத்து வரலாம் என்று நான் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, வெயிலில் கம்பளிக் கோட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"எப்படி மச்சான் வழி கண்டுபுடிச்சீங்க?" என்றேன்.

"யாரையும் கேக்கல மாமா. தெருமொனையில பம்பு, எதிர்ல பொரிகடலக் கடை, அதத் தாண்டி வேப்பமரம், அப்புறம் பச்சக் கதவு. எல்லாம் சரியா இருந்துச்சி. கதவு மட்டும் நீலமாப் பூடுச்சி."

சாப்பிடும்போது அவரே விஷயத்தை எடுத்தார். "மாமா, ரோசலியையும் அனுப்பி வைங்க. என் புள்ளைங்களோட நல்ல ஸ்கூல்ல படிக்கட்டும். அம்மாவுக்கும் தொணை."

ஆயா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் எதையும் கேக்கல மாப்ள. இந்தக் குட்டி ஒண்ணத்தான் கேக்கறேன்."

உங்கள் அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். இதைத்தானே நான் இத்தனை வருஷமாகப் பயந்தது? ரோசலி மட்டும் துள்ளினாள்.

"மாமா, அங்க வந்தா நான் சூப்புக்காரியப் பாக்கலாமா?"

"யாரு சூப்புக்காரி?"

"ஆத்தோரமாப் போவாளே. படகுச் சந்த, புளியமரம்..."

மாமா சிரித்துவிட்டார். "அதெல்லாம் சைகோன் கண்ணு. பிரான்சுல அது ஒண்ணும் கெடையாது. அங்க குளுருதான். அம்மா பிரான்சப் பாத்ததே இல்லையே!"

ரோசலி மெதுவாக ஆயாவின் பக்கம் திரும்பினாள். "நீ பாக்காத ஊருக்கா ஆயா போற?"

ஆயா மீனில் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

"சைகோன் கதையெல்லாம் எனக்கு எங்க சொன்னாங்க?" என்று மாமா தொடர்ந்தார். "எனக்குச் சொன்னது பூரா இந்த ஊருதான். இந்தத் தெரு, இந்தப் பம்பு. இந்த அக்கா." உங்கள் அம்மாவைக் காட்டினார். "தெனம் அக்கா கததான். அக்கா வேப்பமரத்துல ஏறி எறங்கத் தெரியாம அழுதது. அக்கா கோழிக்குப் பேரு வெச்சிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனது. நான் வளர வளர அக்காவும் கதையில வளந்துகிட்டே வந்தாங்க. ஏன் அக்கா, அந்தக் கோழி என்ன ஆச்சி கடைசியில?"

உங்கள் அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "நான் கோழியே வளத்ததில்ல தம்பி."

"தெரியும்க்கா. பெரியவனான பொறவு புரிஞ்சிடிச்சி. பாக்காத புள்ளையப் பத்தி எப்படித் தெரியும்? கட்டி விட்டதுதான். ஆனா ஒண்ணு, உம் கொட்டிக்கிட்டே கேக்கணும். நான் 'வுய்'னு சொன்னா கதைய நிறுத்திடுவாங்க."

"எனக்கு உம் கொட்டினா நிறுத்திடுவாங்க!" என்று ரோசலி கத்தினாள்.

எல்லாரும் ஆயாவைப் பார்த்தோம். அவர் நிமிரவே இல்லை. எடுக்க முள் இல்லாத துண்டிலும் முள் தேடிக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "இன்னொரு துண்டு வெச்சிக்கோங்கம்மா" என்றாள்.

அம்மா என்றுதான் சொன்னாள். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஆயா வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் ரோசலியைப் பற்றிய பேச்சு முடிவாகவில்லை. "அவங்க என்ன வுட்டுட்டுப் போனது மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்று உங்கள் அம்மா என்னிடம் சொன்னாள். "போன எடத்துலயும் என்னையே பேசிக்கிட்டு இருந்தது தெரியாது. இப்ப புள்ளைய மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?" சரி என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே ஆயா ரோசலிக்கு வகிடு எடுக்கிறார். சாயங்காலத்தில் தலை பின்னுகிற வழக்கமில்லையே என்று நினைக்கும்போதே கதை தொடங்கியது.

"இந்தப் புதுச்சேரியில, வைத்திக்குப்பத்துலேர்ந்து ஒரு மீன்காரி வருவா."

செம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். இந்த ஊரைப் பற்றி ஆயா சொல்லத் தொடங்கிவிட்டார் என்றால், மனசால் இந்த ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

"வுய்" என்றாள் ரோசலி, பழக்கத்தில்.

பின்னுகிற கை நின்றது. பிள்ளை கொஞ்சம் யோசித்தாள்.

"உம்."

கை மறுபடி ஓடியது.

"ஒரு நாளு அவ கூட கனமோ கனம். எறக்கிப் பாத்தா, மீனுக்கு நடுவுல ரெட்டச் சட போட்ட ஒரு பொண்ணு ஒக்காந்துகினு கீது."

"உம்."

"தெருவே வந்து வெல கேட்டுச்சி. இது விக்கறதுக்கு இல்லன்னுட்டா மீன்காரி. ஒரு கெழவி மட்டும் வுடாம பின்னாலயே போனா. மெர்சி, மெர்சின்னு கெஞ்சிக்கிட்டே போனா."

"மெர்சிய வெச்சி அரிசி வாங்க முடியுமான்னு கேட்டாளா மீன்காரி?"

"கேட்டா."

"அப்புறம்? குடுத்தாளா இல்லையா?"

இரண்டாவது சடையும் முடிந்து ரிப்பன் ஏறிவிட்டிருந்தது. ஆயா அதை அவிழ்த்தார். மறுபடி பின்னினார். கிழவி எந்தெந்தத் தெரு வழியாகப் போனாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாய்க்கால் தாண்டி, மாதா கோயில் தாண்டி, கடற்கரை வரைக்கும். மறுபடி ரிப்பன் வந்தது. மறுபடி அவிழ்த்தார். விளக்கேற்ற வந்த உங்கள் அம்மா, கதவோரத்திலேயே என் பக்கத்தில் நின்றுகொண்டாள். கடைசியில் சடை போடாமலே, "போ, போயி செபத்துக்கு உக்காரு" என்று தலையைத் தடவி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காப்பி குடிக்கும்போது மாமாவிடம் சொன்னார். எங்களிடம் சொல்வது போலவே இல்லை.

"குட்டி இங்கயே இருக்கட்டும்டா."

"ஏம்மா? நேத்து வரைக்கும்..."

"உன் புள்ளைங்களுக்கு நான் அங்க வந்து கத சொல்லணுமா இல்லையா? இவளையும் கையோட இட்டுக்கினு வந்துட்டா, எதப் போயி நான் சொல்லட்டும்?"

மாமாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தன்னையும் அப்படி ஒருத்தர் கதையாகத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து போயிருக்கிறார் என்று அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டதே.

கப்பல் துறைக்கு ரயிலேற்றிவிட எல்லாரும் ரயிலடிக்குப் போனோம். ஓலைத் தொப்பியை ஆயா ரோசலியின் தலையில் கவிழ்த்துவிட்டார். "சேதராப்பட்டுல எவனாவது சிரிச்சா, புலி மீசை முடி இருக்குன்னு சொல்லு." ரயில் அசைகிற நேரத்தில் ரோசலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆயா, அந்தப் பொண்ண மீன்காரி குடுத்தாளா இல்லையா? சொல்லிட்டுப் போ."

"அதெல்லாம் அங்க போயித்தான் சொல்லுவேன்."

"அங்க சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்?"

"உனக்கு எதுக்குடி அது? நீ இங்க இருக்கியே."

அதற்குமேல் ஆயா சொன்னது ரயில் சத்தத்தில் கேட்கவில்லை.

சில நாள் கழித்து மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எங்க அந்த மெர்சி ஆயா?" என்றாள். போய்விட்டார் என்றும், அவளை வைத்துத்தான் இனி அங்கே கதை நடக்கும் என்றும் சொன்னேன். "என்ன வெச்சா? சீமையிலயா?" என்று கூடையை மறந்து நின்றாள். பிறகு, "அதுல என் மீனு நல்ல மீனான்னு கேட்டு வையுங்க. வெளுத்த கண்ணுன்னு மட்டும் சொல்லிடப் போவுது" என்றாள்.

ஆயா அங்கேயே காலமாகிவிட்டார். மாமா அப்புறம் ஒரு தடவை வந்தபோது சொன்னார். கடைசி வரைக்கும் பிரான்சைப் பற்றி ஒரு கதையும் சொல்லவில்லையாம். மாமாவின் பிள்ளைகளுக்கு நம் தெருப் பம்பு, வேப்பமரம், மீன்காரி எல்லாம் அத்துப்படி. "ரோசலி அக்கா மரத்துலேர்ந்து எறங்கிட்டாளா?" என்று கேட்டுவரச் சொன்னார்களாம். உங்கள் அக்கா மரமே ஏறினதில்லை. ஆனாலும் அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "பாதி எறங்கிட்டேன்னு சொல்லுங்க மாமா" என்றாள்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். மகளே, நீ சீப்பும் ரிப்பனுமாக அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தாய். பின்னுவதற்கு ஒன்றும் இல்லாத தலையோடு உன் தம்பியும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான். "பனி பெய்யற ஊர்ல ஒரு ஆயா இருந்தா" என்று அக்கா தொடங்கினாள். அவள் பனியைப் பார்த்ததில்லை. நீ "வுய்" என்றாய். தம்பி "உம்" என்றான். இப்போது கை நிற்கும் என்று நான் செருப்பு மாட்டாமல் காத்திருந்தேன்.

நிற்கவில்லை.